பொருளாதாரத்துல பிஎச்டி, கூடவே இறையியலும் திருச்சபையோட சமூகப் போதனையும் – எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

குடியாத்தம்_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல ஒரு காலேஜ்ல பொருளாதாரத்துல பிஎச்டி பண்றேன், சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். வீட்ல இருந்தே பீடி சுத்துற பெண்களோட கூலிதான் ஆய்வுத் தலைப்பு. பங்குல அன்பியம் (பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து ஜெபிக்கிற சின்னக் குழு), பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி எடுக்கிறதுன்னு எல்லாத்துலயும் இருக்கேன், ஆனா பிளஸ் டூவோட என் மறைக்கல்வி நின்னுபோச்சு, அதுக்கு மேல இறையியல்னு முறையா எதுவும் படிக்கல. தவக்காலத்துல ஒரு ஃபாதர் பிரசங்கத்துல போப் 13ஆம் லியோ 1891ல தொழிலாளர் நிலைமை பத்தி எழுதின ரேரும் நோவாரும்ங்கிற சுற்றுமடல் (போப் திருச்சபைக்கு எழுதுற பொதுக் கடிதம்) பத்தி சொன்னாரு, வீட்டுக்கு வந்து நெட்ல தேடிப் படிச்சேன். வேற வழியில்லாம, இதைவிட மோசமா எதுவும் வந்துடக் கூடாதேன்னு பயந்து, முதலாளியோ காண்ட்ராக்டரோ சொன்ன நிபந்தனைக்கு ஒரு தொழிலாளி ஒத்துக்கிட்டா அது சம்மதம் இல்ல, அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் பலியானவருன்னு அதுல இருக்கு. நான் ஃபீல்டுல பார்க்கிறது அப்படியே அதுதான்.

1000 பீடிக்குன்னு இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பாங்க. ராத்திரி இலையை நனைச்சு வெச்சு காலையில வெட்டும்போதுதான் தெரியும், ஓட்டை இலை, காஞ்ச இலை கழிச்சுப் பார்த்தா 1000 வராது. கம்மியான இலையை அவங்க கைக்காசு போட்டு வெளியில வாங்கிச் சுத்தணும். சுத்திக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்துல சரியில்லன்னு கொஞ்சம் தள்ளுவாங்க, தள்ளுனதுக்குக் கூலி கிடையாது. ஏன் ஒத்துக்கிறீங்கன்னு கேட்டா, இதுவும் இல்லன்னா என்னம்மா பண்றதுன்னு திருப்பிக் கேக்குறாங்க.

இதை தீசிஸ்ல கொண்டு வரலாமான்னு என் கைடுகிட்ட கேட்டேன், நல்ல மனுஷர்தான், ஆனா ஆய்வு வேற நம்பிக்கை வேற கலக்காதேன்னு சொல்லிட்டாரு. வீட்ல இறையியல் படிக்கணும்னு வாயைத் திறந்தாலே மடத்துக்குப் போகப் போறியான்னு அம்மா பதறுறாங்க. எனக்கு அந்த எண்ணம் இல்ல, வேலைக்குப் போற சாதாரண பொண்ணாவே இதைப் படிக்கணும். என்ன வரிசையில படிக்கலாம், ஆய்வுக்குள்ள இதுக்கு இடம் இருக்கா, பொதுநிலையினருக்குன்னு (ஃபாதர், சிஸ்டர் இல்லாத சாதாரண விசுவாசிகளுக்கு) படிப்பு எங்கயாவது இருக்கா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_ஐக்கஃப்:

வணக்கம்மா. நான் திருப்பத்தூர்ல பொருளாதாரம் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவன். படிக்கிற காலத்துல ஐக்கஃப்ல இருந்தேன், கத்தோலிக்க மாணவர்களுக்காக 1924ல ஆரம்பிச்ச அகில இந்திய இயக்கம் அது, உங்க காலேஜ்ல யூனிட் இருக்கான்னு விசாரிங்க, இதெல்லாம் தனியா படிக்கிறதைவிட நாலு பேரோட படிச்சாதான் நிக்கும்.

தேதி வரிசையில எல்லாச் சுற்றுமடலையும் படிக்க வேணாம், உங்க தலைப்போட நேரா பேசுறதை முதல்ல எடுங்க. ரேரும் நோவாரும் பார்த்துட்டீங்க. அடுத்து லபோரெம் எக்ஸெர்சென்ஸ், உழைப்பைப் பத்தி போப் 2ஆம் ஜான் பால் 1981ல எழுதின சுற்றுமடல். ரேரும் நோவாருமோட 90ஆம் வருஷத்துக்குன்னு மே 15 வெளியிட இருந்தாங்க, மே 13 அவரைச் சுட்டுட்டாங்க, ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு மறுபடியும் பார்த்து செப்டம்பர்லதான் வெளியிட்டாரு. அதுல 17ஆம் பத்தியை நிதானமா படிங்க. நேரடி முதலாளி, மறைமுக முதலாளின்னு பிரிக்கிறாரு. இலை கொடுக்கிற காண்ட்ராக்டர் நேரடி. ஆனா அவன் என்ன கூலி கொடுக்க முடியும்ங்கிறதைத் தீர்மானிக்கிறது யாரு, லேபிள் ஒட்டி விக்கிற கம்பெனி, சட்டம் போட்டுட்டு கண்காணிக்காத அரசு, விலையைப் பிடிச்சு வெச்சிருக்கிற சந்தை, இவங்க எல்லாருக்கும் அந்த வேலை ஒப்பந்தத்துல நிஜமான பொறுப்பு இருக்குன்னு சொல்றாரு. பீடித் தொழில்ல என் வேலையாளே இல்ல, காண்ட்ராக்டர் ஆளுன்னு கம்பெனி கை கழுவுறதைப் பார்த்தவங்களுக்கு இந்தப் பத்தியோட கனம் புரியும். 1966ல பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான், வீட்ல சுத்துறவங்களையும் தொழிலாளின்னு சேர்த்தாங்க, சட்டத்தையும் இந்தப் பத்தியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 19ஆம் பத்தி இன்னும் ஒரு படி மேல போவுது, ஒரு பொருளாதார அமைப்பு நியாயமா இல்லையான்னு சோதிக்க அங்க கொடுக்குற கூலியைப் பாருன்னு சொல்லுது.

உங்க கைடு சொன்னதுல பாதி சரி. எத்தனை பேருக்கு எவ்வளவு கூலி, எவ்வளவு கழிவு, இதையெல்லாம் கண்டுபிடிக்கிறதுல நம்பிக்கைக்கு வேலை இல்ல, வேதத்தைக் காட்டி டேட்டாவை நிரப்பக் கூடாது. ஆனா இந்தக் கூலி குறைவுன்னு நீங்க எழுதுற நிமிஷத்துல எதோட ஒப்பிட்டுக் குறைவுன்னு ஒரு அளவுகோல் வந்துடுது பாருங்க. 1957ல 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலியைக் கணக்குப் போடும்போது ஒரு குடும்பத்துக்கு 3 நுகர்வு அலகு (3 பெரியவங்களோட சாப்பாட்டு அளவு), ஆளுக்கு 2700 கலோரி, வருஷத்துக்கு 72 கஜம் துணி, வாடகை, விறகு விளக்குன்னு வெச்சாங்க. அது வெறும் கணக்கா? மனுஷன் மனுஷனா வாழ இவ்வளவு வேணும்ங்கிற தீர்ப்பு அது. அரசியல் சாசனம் 43ஆவது பிரிவு வாழ்வதற்கான கூலின்னு சொல்றதும் அப்படித்தான். உற்பத்தித் திறனுக்கு ஏத்த கூலின்னு பாடப்புத்தகம் சொல்றதுக்குள்ளயும் மனுஷனைப் பத்தி ஒரு முடிவு இருக்கு, வெளியில சொல்லாம இருக்கு. கோட்பாட்டு அத்தியாயத்துல இந்த அளவுகோல்களை எல்லாம் வரிசையா வெச்சு சமூகப் போதனையையும் அதுல ஒண்ணா வெச்சு விவாதம் பண்ணுங்க, எந்த கைடும் தடுக்க மாட்டாரு. பக்திக்காக இல்ல, வாதத்துக்காக எடுக்கிறேன்னு சொல்லுங்க.

பாலாறு_கரை:

சார் சொன்ன அதே பிரச்சினை எனக்கும் வந்தது, நான் சுற்றுச்சூழல் பொறியியல்ல ஆராய்ச்சி பண்றேன், தோல் கழிவுநீர். பச்சைத் தோல் கெடாம இருக்க உப்பு போடுறாங்க, அதை ஊற வெச்சுக் கழுவும்போது அந்த உப்பு மொத்தமும் தண்ணியில வரும், அதுக்கப்புறம் தோலைப் பதப்படுத்தப் போடுற குரோமியம். ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் கிணத்துத் தண்ணி ஏன் வாயில வைக்க முடியலங்கிறதுக்கு லேப்ல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) நம்பர் கிடைக்கும். ஆனா அந்த நம்பருக்கு யார் பதில் சொல்லணும்ங்கிறது லேப்ல கிடைக்காது. 1996ல வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்சநீதிமன்றம் மாசுபடுத்தினவனே ஈடு கட்டணும்னு சொன்னது, இன்னிக்கும் நாடு முழுக்க சட்டம் படிக்கிறவங்க நம்ம ஊர் பேரைச் சொல்லித்தான் இதைப் படிக்கிறாங்க. அதையும் போப் பிரான்சிஸ் 2015ல சுற்றுச்சூழல் பத்தி எழுதின லவுதாத்தோ சிங்கிற சுற்றுமடலையும் சேர்த்துப் படிச்சேன். 139ஆம் பத்தியில, இயற்கைக்கு ஒரு நெருக்கடி, சமூகத்துக்கு ஒரு நெருக்கடின்னு ரெண்டு தனித்தனியா இல்ல, ரெண்டும் ஒரே சிக்கல்னு இருக்கு. தோல் ஷாப்புல தொட்டிக்குள்ள இறங்குறவரும் கரையில தண்ணி கெட்டுப்போன விவசாயியும் பெரும்பாலும் சொந்தக்காரங்க. வேலை வேணுமா ஆறு வேணுமான்னு நம்மகிட்ட கேக்குறாங்களே, அந்தக் கேள்வியே தப்புன்னு எனக்கு அதைப் படிச்சப்பதான் தெளிவாச்சு. எங்க துறையில யாரும் கத்தோலிக்கர் இல்ல, ஆனா செமினார்ல இந்தப் பத்தியை வெச்சுப் பேசுனப்ப நல்லாவே கேட்டாங்க.

அரக்கோணம்_லோக்கல்:

எல்லாம் சரி, ஆனா இன்னா ஒருத்தரும் சாதியைப் பத்தி வாயே தொறக்கல? பீடி சுத்துறது யாரு, தொட்டிக்குள்ள இறங்குறது யாரு, அதைச் சொல்லாம கூலின்னு மட்டும் பேசினா பாதிதான் பேசுறோம். நானும் இதெல்லாம் படிச்சினு இருக்கிறவன்தான், தலித் கத்தோலிக்கன். 1965ல 2ஆம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, காவுதியும் எத் ஸ்பெஸ், 29ஆம் பத்தியில பால், இனம், நிறம், சமூக நிலை, மொழி, மதம்னு எல்லாப் பாகுபாடும் ஒழியணும்னு இருக்கு, சாதின்ற வார்த்தை அந்த வரிசையில இல்ல. ஐரோப்பாவுல ஃபேக்டரியைப் பார்த்து எழுத ஆரம்பிச்ச போதனை இது, சேரியைப் பார்த்து எழுதினது இல்ல. 2003 நவம்பர்ல நம்ம தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போனப்ப 2ஆம் ஜான் பால் அவங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு, கிறிஸ்தவங்களுக்குள்ள சாதி பார்க்குறது உண்மையான ஒருமைப்பாட்டுக்கே எதிரான அடையாளம்னு. 2016ல இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்குன்னு ஒரு கொள்கை வெளியிட்டாங்க. கல்லறையில தனி இடம் இன்னும் எந்தப் பங்குல இருக்கு, எந்தப் பங்குல இல்லன்னு படிக்கிற எல்லாருக்கும் தெரியும். இன்னொரு பக்கம் 1950 குடியரசுத் தலைவர் ஆணையால நம்ம ஆளுங்களுக்கு எஸ்சி சலுகை கிடையாது, சீக்கியருக்கு 1956லயும் பௌத்தருக்கு 1990லயும் கொடுத்துட்டாங்க. கோயிலுக்குள்ளயும் அடி, வெளியிலயும் அடி. அதனால சுற்றுமடலோட அம்பேத்கரையும் கையில வெச்சுப் படிங்க, ஒண்ணு விட்ட இடத்தை இன்னொண்ணு கேக்கும். உங்க சர்வேயில சாதிக்குன்னு ஒரு காலம் (column) இருக்கா?

குடியாத்தம்_மாணவி:

அண்ணா, சாதிக் காலம் இருக்கு, ஆனா மதம் மாறினவங்க என்ன சாதின்னு சொல்லத் தயங்குறாங்க, அதை எப்படிக் கேக்குறதுன்னு உங்ககிட்ட தனியா கேக்கணும்.

சார், 19ஆம் பத்தி படிச்சேன். குடும்பத் தலைவருக்குக் குடும்பம் முழுக்கப் போதுற சம்பளம், இல்லன்னா வீட்ல இருக்கிற தாய்க்கு உதவித்தொகைன்னு இருக்கு. நான் போற வீடுங்கள்ல அரிசி வாங்குறது அந்த அம்மாவோட பீடிக் காசுலதான். பிள்ளையை மடியில போட்டுக்கிட்டே சுத்துறாங்க, தாய்மையும் வேலையும் அங்க தனித்தனியா இல்லவே இல்ல. சம்பாதிக்கிறவன் ஆம்பளன்னு வெச்சு எழுதினது இங்க பொருந்தலையே, இதை தீசிஸ்ல எழுதினா திருச்சபைக்கு எதிரா எழுதுற மாதிரி ஆகுமா?

பழைய_ஐக்கஃப்:

ஆகாதும்மா, தைரியமா எழுதுங்க. 1971ல 6ஆம் பவுல் எழுதின ஒக்டோஜெசிமா அத்வேனியென்ஸ் 4ஆம் பத்தி பாருங்க. உலகத்துல ஒவ்வொரு இடத்து நிலைமையும் வேற வேற, எல்லாத்துக்கும் பொருந்துற ஒரே பதிலை என்னால கொடுக்க முடியாது, அது என் நோக்கமும் இல்ல, அந்தந்த நாட்டுக் கிறிஸ்தவ சமூகந்தான் தன்னோட நிலைமையை ஆராயணும்னு போப்பே எழுதியிருக்காரு. உழைக்கிறவரோட மாண்பு, கூலி குடும்பத்தைத் தாங்கணும், மூலதனத்துக்கு முன்னாடி உழைப்பு, இதெல்லாம் கொள்கை. குடும்பத்துல யாரு சம்பாதிப்பாங்கங்கிறது அந்தந்தக் காலத்துப் பார்வை, அதைக் கேள்வி கேக்கலாம். அரக்கோணம் தம்பி சாதியைக் கேட்டதும் இதே ரகம்தான், ரொம்ப நியாயமான கேள்வி. நீங்க குடியாத்தத்துல எடுக்குற கணக்கு சமூகப் போதனைக்கு உதாரணம் தேடுற வேலை இல்ல. அந்தப் போதனை யாரைப் பார்த்து இதைச் செய்யுங்கன்னு கேட்டதோ அவங்க செய்யுற வேலை.

சேண்பாக்கம்_சிஸ்டர்:

படிப்பு எங்கன்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே. சென்னைப் பல்கலைக்கழகத்துலயே கிறிஸ்தவ ஆய்வியல் துறை இருக்கும்மா, அரசு பல்கலைக்கழகம், எந்த மதத்தவங்களும் படிக்கலாம், ஆசிய இறையியல்ல பேர் சொல்லும்படி எழுதின பெலிக்ஸ் வில்ஃப்ரெட் அங்க தலைவரா இருந்தவர். அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க, மடம் இல்ல, யுனிவர்சிட்டின்னு. முழுநேரமா இறையியல்னா புனேயில ஞான தீபம், டெல்லியில வித்யாஜோதி, பொதுநிலையினரும் படிக்கிறாங்க, ஆனா நீங்க இப்ப பண்ற பிஎச்டியை முடிக்காம அங்க போறது நடக்காது. தமிழ்ல புத்தகம் வேணும்னா திண்டிவனத்துல விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்துல கேளுங்க.

இன்னொண்ணு, சமூகப் போதனையை மட்டும் தனியா உருவி எடுத்துப் படிக்காதீங்க. மனுஷ மாண்புன்னு நாம சொல்ற வார்த்தைக்குப் பின்னாடி கடவுள் சாயல், கடவுளே மனுஷனா பிறந்து தச்சு வேலை செஞ்சதுன்னு பெரிய விசுவாசம் இருக்கு, அதை விட்டுட்டா அது தொழிற்சங்க நோட்டீஸ்ல இருக்கிற நல்ல வார்த்தையா மட்டும் நின்னுடும். கத்தோலிக்க மறைக்கல்வி நூல்ல 7ஆம் கட்டளை பகுதி, 2401ஆம் பத்தியில இருந்து, கூலியை ஏமாத்துறதைத் திருட்டுக்குக் கீழதான் வெச்சிருக்காங்க. விவிலியத்துல யாக்கோபு 5:4 படிங்க, வயல்ல அறுத்தவங்களுக்குக் கொடுக்காம பிடிச்சு வெச்ச கூலியே கூக்குரல் போடுது. இணைச்சட்டம் 24ல பொழுது சாயுறதுக்குள்ள கூலியைக் கொடுத்துடுன்னு இருக்கு. நேரம் இல்லன்னா தினமும் ஒரு பத்தி போதும், ஆனா விவிலியத்துல இருந்து ஒண்ணு, ஏட்டுல இருந்து ஒண்ணுன்னு சேர்த்தே படிங்க.

குடியாத்தம்_மாணவி:

ரொம்ப நன்றி சிஸ்டர், அம்மாவுக்கு அந்த மெசேஜை அப்படியே காட்டப் போறேன். வேலூர்ல இருக்கிறவங்க யாராவது மாசத்துல ஒரு சனிக்கிழமை உக்காந்து லபோரெம் எக்ஸெர்சென்ஸ் சேர்ந்து படிக்கலாமா? பாலாறு அண்ணா காட்பாடி பக்கம்னா வசதியா இருக்கும்.

பாலாறு_கரை:

காட்பாடியே ஓகே. மத்தியானம் லேப் இருக்கு, 4 மணிக்கு மேல வரேன்.

அரக்கோணம்_லோக்கல்:

ட்ரெய்ன்ல வந்துடுறேன். நம்ம ஊர்ல பீடி சுத்துற அக்கா ஒருத்தங்களையும் கூட்டினு வரட்டா? அவங்க இல்லாம நாமளே பேசினா எப்படி.

குடியாத்தம்_மாணவி:

கண்டிப்பா கூட்டிட்டு வாங்கண்ணா. அவங்களுக்கு ஒரு நாள் கூலி போயிடும், அதை நாம சேர்ந்து கொடுத்துடலாம்.

பழைய_ஐக்கஃப்:

நானும் வரேன். 16ஆம் பத்தியில இருந்து 19 வரைக்கும் எல்லாரும் ஒரு தடவை படிச்சிட்டு வாங்க, அந்த அக்காவுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுற மாதிரி நான் எழுதி எடுத்துட்டு வரேன். அவங்ககிட்ட கூலி பாஸ்புக் இருந்தா கொண்டுவரச் சொல்லுங்க தம்பி.