கொள்கைக்கா, தலைவருக்கா: அமெரிக்க வாக்காளரின் விசுவாசம் எதற்கு?

கேள்வி: இளவழகன்

வணக்கம். அமெரிக்க அரசியலைத் தொடர்ந்து கவனிப்பவர்களிடம் ஒரு கேள்வி. 2021 மே மாதத்தில், பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள், தங்கள் தலைமைக் குழுவில் மூன்றாம் இடத்திலிருந்த லிஸ் செனியை நீக்கிவிட்டு அங்கே எலிஸ் ஸ்டெஃபானிக்கை அமர்த்தினார்கள். ட்ரம்ப்பின் முதல் ஆட்சிக்காலத்தில் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் அவருடைய நிலைப்பாட்டை ஒட்டி வாக்களித்தவர் செனி. ஸ்டெஃபானிக் அந்த அளவுக்கு ஒத்துப்போனவர் அல்லர்; ட்ரம்ப்பின் பெருஞ்சாதனை என்று பேசப்பட்ட 2017ஆம் ஆண்டின் வரிக்குறைப்புச் சட்டத்தையே எதிர்த்து வாக்களித்தவர். செனி செய்த குற்றம், 2020 தேர்தலில் ட்ரம்ப் தோற்றார் என்பதை ஏற்றுக்கொண்டதும், அவருக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்ததும்தான். 2022 ஆகஸ்டில் அவருடைய சொந்த வயோமிங் மாநிலக் கட்சி வாக்காளர்களும் உட்கட்சித் தேர்தலில் அவரை ஏறத்தாழ 37 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள்.

சிறிய அரசு, குறைந்த வரி, வலுவான இராணுவம் என்று பல பத்தாண்டுகளாகப் பேசிய கட்சியின் வாக்காளருக்கு, அந்தக் கொள்கைகளில் உண்மையான பிடிப்பு இருந்ததா, அல்லது அவை தலைவர்களின் பேச்சு மட்டும்தானா?

பதில்: தாமரைச்செல்வி

வாக்காளரின் மனத்தை ஆராய்வதற்கு முன் தேர்தல் முறையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் வேட்பாளரைக் கட்சித் தலைமை நியமிப்பதில்லை. உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் வாக்களிக்க வருவோர் பொதுத்தேர்தலைவிட மிகக் குறைவு. வருபவர்களில் பெரும்பாலோர் தீவிரப் பற்றுள்ளவர்கள். ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதியில் உண்மையான தேர்தல் அதுதான்.

2021 ஜனவரியில் பதவிநீக்கத்தை ஆதரித்து வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பத்துப் பேர். நால்வர் மறுபடி போட்டியிடவில்லை. நால்வர் உட்கட்சிப் போட்டியிலேயே வீழ்ந்தார்கள். கலிஃபோர்னியாவின் டேவிட் வாலடாவோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ் ஆகிய இருவரே 2022இல் மீண்டும் வென்றார்கள். அவ்விரு மாநிலங்களிலும் எல்லாக் கட்சியினரும் ஒரே முதற்கட்டத் தேர்தலில் நிற்க, முதல் இரண்டு இடங்களைப் பெறுவோர் இறுதிக்குச் செல்கிறார்கள். அலாஸ்காவில் அதைப் போன்ற திறந்த முதற்கட்டமும், இறுதியில் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையும் வந்தபின், ட்ரம்ப்பைக் குற்றவாளி என்று செனட்டில் வாக்களித்த லிசா மர்கவ்ஸ்கி, ட்ரம்ப் ஆதரித்த வேட்பாளரை வென்றார். முறை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அதே வாஷிங்டனில் ஜேமி ஹெரேரா பட்லர் தோற்றார் என்பதும் உண்மை. ஆனாலும் வயோமிங் முடிவை மட்டும் வைத்து அமெரிக்க வாக்காளரின் மனத்தைக் கணிப்பது சரியாகாது.

பதில்: கதிரவன்

தாமரைச்செல்வி அவர்கள் கூறியது சரியே. ஆனால் இளவழகன் கேட்டது வாக்காளரின் கொள்கைப் பிடிப்பைப் பற்றி. அந்த ஐயம் பழமையானது. அரசியல் அறிஞர் ஃபிலிப் கான்வர்ஸ் 1964இலேயே, இடது வலது என்ற ஒழுங்கான கொள்கைச் சட்டகத்தில் சிந்திப்போர் வாக்காளர்களில் சிறுபான்மையினரே என்று வாதிட்டார். மைக்கேல் பார்பர், ஜெரமி போப் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு நேரடிச் சோதனை. ட்ரம்ப் வெவ்வேறு நேரங்களில் ஒரே விஷயத்தில் இரு பக்கமும் பேசியிருந்ததால், பொய் சொல்லாமலேயே, சிலரிடம் அவர் இடதுசாரி நிலைப்பாட்டை ஆதரிக்கிறார் என்றும் வேறு சிலரிடம் வலதுசாரி நிலைப்பாட்டை ஆதரிக்கிறார் என்றும் கூற முடிந்தது. குடியரசுக் கட்சியினரில் பலர், குறிப்பாக அரசியல் அறிவு குறைந்தவர்களும் கட்சிப் பற்று மிகுந்தவர்களும், எந்தப் பக்கம் சொல்லப்பட்டதோ அந்தப் பக்கமே சாய்ந்தார்கள்.

இதைக் கேட்டவுடன் வாக்காளரை ஆட்டுமந்தை என்று முடிவுகட்டுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. வேட்பாளர் பெயர் இல்லாமல் கொள்கையை மட்டும் வாக்குச்சீட்டில் வைத்தால் அதே மக்கள் வேறுவிதமாக நடந்துகொள்கிறார்கள். 2020இல் ட்ரம்ப் வென்ற ஃபுளோரிடாவில், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் திருத்தத்தை ஏறக்குறைய 61 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். மிசூரி வாக்காளர்கள் 2018 ஆகஸ்டில், தொழிற்சங்கங்களை நலிவடையச் செய்யும் சட்டத்தை மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கூடுதலான வாக்குகளால் தூக்கியெறிந்துவிட்டு, மூன்றே மாதங்களில் குடியரசுக் கட்சியின் ஜாஷ் ஹாலியைச் செனட்டுக்கு அனுப்பினார்கள். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்கும் திட்டத்தையும் 2020இல் அதே மாநிலம் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது.

ஆகவே வாக்காளரிடம் கருத்து இல்லை என்பதல்ல. கூலியும் மருத்துவமும் ஒரு கணக்கு. தங்களை யார் பிரதிநிதித்துவப்படுத்துகிறார், தங்களை இழிவாக நினைப்பவர்களை யார் எதிர்க்கிறார் என்பது வேறு கணக்கு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாவது கணக்கே மேலோங்குகிறது. செனி தோற்றதும் அந்தக் கணக்கில்தான்.

பதில்: மாறன்

கதிரவன் அவர்களின் வாதத்தில் ஒரு பகுதியை மறுக்க விரும்புகிறேன். தலைவர் சொன்ன பக்கம் வாக்காளர் சாய்ந்தார் என்பது சில விஷயங்களில் சரி. வெளிநாட்டு வணிகத்தில் நடந்தது ஏறத்தாழ நேர்மாறு. 1993 நவம்பரில், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றுக்கு இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டா பிரதிநிதிகள் சபையில் 234க்கு 200 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் குடியரசுக் கட்சியினர் 132 பேர், ஜனநாயகக் கட்சியினர் 102 பேர். அதாவது, அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்ட அதிபர் கிளின்டனின் சொந்தக் கட்சியில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, அந்த ஒப்பந்தத்தைக் கடுமையாகத் தாக்கிய ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று ஏறக்குறைய 19 சதவீத வாக்குகளைப் பெற்றிருந்தார். 1996இல் பேட் புக்கானன் அதே எதிர்ப்பைக் குடியரசுக் கட்சிக்குள் கொண்டுவந்து நியூ ஹாம்ப்ஷர் உட்கட்சித் தேர்தலில் பாப் டோலை வென்றார். ட்ரம்ப் இறக்குமதி வரியைப் பேசத் தொடங்கியபோது கேட்பதற்குக் கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. தடையற்ற வணிகத்தில் உறுதியாக இருந்தவர்கள் உறுப்பினர்களும் நன்கொடையாளர்களும்தான்.

சாதாரண மக்களின் பெயரால் மேல்தட்டினரை எதிர்க்கும் பாப்புலிச அரசியலுக்குக் கொள்கையே கிடையாது என்று சிலர் கூறுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்தப் பெயரைத் தந்த மக்கள் கட்சி, 1892இல் ஒமாஹாவில் கூடி, படிநிலை வருமான வரி, இரயில்வேயை அரசுடைமையாக்குதல், வெள்ளி நாணயங்களைத் தடையின்றி அச்சிடுதல் என்று விரிவான வேலைத்திட்டத்தை வகுத்தது. கூட்டாட்சி வருமான வரிக்கும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதற்கும் 1913இல் அரசியலமைப்புத் திருத்தங்கள் வந்தன. ஆனால் அதே இயக்கத்தின் ஜார்ஜியா தலைவர் டாம் வாட்சன், தொடக்கத்தில் கறுப்பின, வெள்ளையின உழவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று முழங்கிவிட்டு, பிற்காலத்தில் கொடிய இனவெறியராக மாறினார். 1920இல் செனட்டுக்கும் தேர்வானார். 'மக்கள்' யார் என்ற வரையறையைத் தலைவர் மாற்றும்போது ஆதரவாளர்களில் கணிசமானோர் உடன் செல்கிறார்கள். இங்கே கதிரவனுடன் உடன்படுகிறேன்.

இளவழகன்

மூவருக்கும் நன்றி. இது குடியரசுக் கட்சிக்கு மட்டுமே உரிய நோயா? ஜனநாயகக் கட்சியில் இதற்கு இணையான நிகழ்வு உண்டா?

பதில்: தாமரைச்செல்வி

உண்டு, ஆனால் முழு இணை அல்ல. 2000இல் துணை அதிபர் வேட்பாளராக நின்ற ஜோ லீபர்மன், பெரும்பாலான உள்நாட்டு விஷயங்களில் கட்சியோடு நின்றவர். இருந்தும் ஈராக் போரை ஆதரித்ததற்காக 2006இல் கனெக்டிகட் உட்கட்சித் தேர்தலில் நெட் லமான்ட்டிடம் தோற்று, பின்னர் சுயேச்சையாக நின்று வென்றார். அங்கே அளவுகோல் ஒரு போர். செனியிடம் அளவுகோல் ஒரு மனிதர். குடியரசுக் கட்சி 2020இல் புதிய கொள்கை அறிக்கையே வெளியிடாமல், அதிபரின் திட்டங்களை ஆதரிப்போம் என்று தீர்மானம் போட்டதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாறன் அவர்களுக்கு ஒன்று. கொள்கையுள்ள பாப்புலிசம் என்று நீங்கள் கருதும் போக்கின் இன்றைய முகங்களில் ஒருவர், கதிரவன் குறிப்பிட்ட மிசூரி செனட்டர் ஹாலி. மெடிகெய்டை வெட்டுவது தவறு என்று 2025 மே மாதம் வெளிப்படையாக எழுதிய அவர், அதை வெட்டும் ட்ரம்ப்பின் பெரும் வரி மசோதாவுக்கு ஜூலை 1 அன்று ஆதரவாக வாக்களித்தார். இரண்டு வாரங்களில் அந்த வெட்டுகளை நீக்கக் கோரித் தாமே ஒரு மசோதாவும் கொண்டுவந்தார். அதே கட்சியின் வட கரோலினா செனட்டர் தாம் டில்லிஸ் எதிர்த்து வாக்களித்தார். ஆனால் அதற்கு முன்பே, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். ஹாலிக்கு அடுத்த தேர்தல் 2030இல்தான். உட்கட்சித் தேர்தல் அச்சத்தைப் பற்றி மேலே நான் எழுதியது டில்லிஸுக்குப் பொருந்துகிறது. ஹாலியின் வாக்கை விளக்க அது போதவில்லை.