சொந்த காம்பவுண்டுக்குள் பழைய டிரம் அடுக்கி வைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

டிரம் வியாபாரி, ஓசூர்
ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பழைய டிரம் வாங்கி விற்கிறேன். சிப்காட் கம்பெனிகளில் காலியாகும் நீல பிளாஸ்டிக் டிரம், மாம்பழக் கூழ் வந்த இரும்பு டிரம், இரண்டும் வரும். ஷெட் நிறைந்துவிட்டதால் காம்பவுண்டுக்குள் வெட்டவெளியில் மூன்று அடுக்காக நிறுத்தியிருக்கிறேன். ரோட்டில் ஒன்றுகூட இல்லை. கொசு, நாற்றம் என்று அக்கம்பக்கத்தில் புகார் கொடுக்க, வந்து பார்த்தவர்கள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் காம்பவுண்டுக்குள் என் சரக்கை வைக்க என்ன விதி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளான் போடுபவன்
அண்ணா, ஷெட்டுக்கு அப்ரூவல் வாங்கிய பிளானை முதலில் ஓனரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த இடம் நில உபயோகத்தில் குடியிருப்பா, வணிகமா, தொழிலா என்று பார்க்க வேண்டும், குடோன் நடத்தலாமா என்பதே அதை வைத்துத்தான். அப்புறம் செட்பேக். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி கட்டடத்தைச் சுற்றி விடும் இடம் சும்மா கிடக்கும் இடமில்லை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், தீப்பிடித்தால் ஆள் உள்ளே வந்து அணைக்கவும் விட்டது. பிளாஸ்டிக் டிரம் பற்றினால் உருகி ஓடும், அந்த நேரத்தில் சுற்றிவர வழியே இல்லையென்றால் பக்கத்து வீடும் சேர்ந்து போகும். தொழில் உரிமமும் தனியாக வேண்டும்.

சிப்காட் ஊழியர்
இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டிரம்மில் என்ன இருந்தது என்று பாருங்கள். ரசாயனம் இருந்த காலி டிரம், 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. அதை வாங்கவும் வைக்கவும் சுத்தம் செய்யவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும், மேனிஃபெஸ்ட் (கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று கூடவே போகும் சீட்டு) இல்லாமல் கம்பெனி அதை வெளியே அனுப்பவே கூடாது. அங்கீகாரம் இருந்தாலும் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைக்க முடியாது. வெட்டவெளியில் கிடந்தால் ஒவ்வொரு மழைக்கும் அடியில் ஒட்டியிருப்பது கரைந்து மண்ணில் இறங்கும், பக்கத்தில் போர்வெல் இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளுக்கென்று மக்கள் வீட்டில் பிடித்து வைப்பதும் இதே நீல டிரம்மில்தான். லேபிளைக் கிழித்துவிட்டால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? தயவுசெய்து இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

கொசு ஒழிப்புப் பணியாளர்
நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல் விளிம்பைப் பாருங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் அந்த விளிம்புக்குள் ஒரு விரற்கடைத் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசுவுக்கு அது போதும், முட்டை கொசுவாகிப் பறக்கப் பத்து நாள்கூட ஆகாது. வெயிலில் காய்ந்தாலும் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். டிரம்மைப் படுக்கப்போட்டு, உருளாமல் கட்டை கொடுத்து, மேலே கூரை போட்ட இடத்தில் வையுங்கள்.

பென்னாகரத்துக்காரன், டெக்சாஸ்
இங்கே பல நகரங்களில் வெளியில் சரக்கு வைப்பதற்கென்றே சோனிங் (நில உபயோக) விதியில் தனிப் பகுதி இருக்கும். கட்டடத்துக்கு முன்பக்கம் வைக்கக் கூடாது, ரோட்டிலிருந்து தெரியாதபடி மறைப்பு வேலி வேண்டும், வேலி உயரத்துக்கு மேல் அடுக்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் கட்டட விதி ஒரு பக்கம், சுகாதாரம் ஒரு பக்கம், மாசு வாரியம் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடப்பதால், வாடகைக்கு எடுக்கும் ஒருவருக்கு முதல் நாளே இதைச் சொல்ல ஆளில்லை. ஒரே பக்கத்தில் எழுதி உரிமத்தோடு கையில் கொடுத்தால் எத்தனை சண்டை குறையும்.

டிரம் வியாபாரி, ஓசூர்
எல்லோருக்கும் நன்றி. ஓனரிடம் பிளான் கேட்டிருக்கிறேன், கெமிக்கல் டிரம் லோடு இனி எடுப்பதில்லை. ஏற்கெனவே கிடப்பதைக் கழுவி விற்கலாமா?

சிப்காட் ஊழியர்
வேண்டாம் சார். கழுவின தண்ணீர் எங்கே போகும்? சாக்கடை வழியாக ஏரிக்குத்தான். எந்தக் கம்பெனியிலிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அங்கீகாரம் உள்ள மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். அதுவரை கூழ் டிரம்மோடு கலக்காமல், தரை பூசிய ஷெட்டுக்குள் தனியாக வையுங்கள்.