கலைச்சொல்: ஜெர்மன் ‘கொன்ட்ஸெர்ட்மார்ஷ்’ – தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். ‘மார்ச்’ என்பது அணிவகுத்து நடப்பதற்கான இசை; ‘கொன்ட்ஸெர்ட்மார்ஷ்’ அதன் சாயலில், கேட்பதற்காக எழுதப்படுவது. அதற்குத் தமிழ்ப் பெயராக ஒரு நண்பர் எழுதியது:

> ‘படைநடை’ அல்லது ‘அரங்க அணிநடை’ என்று வைத்துக்கொள்ளலாமே?

இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

‘படைநடை’ என்றால் சிப்பாய்கள் கால்போட்டு நடப்பதற்கான இசை என்றே பொருள்படும். பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமின் ஆணைப்படி 1817-இல் தொடங்கிய படை மார்ச்சுத் தொகுப்பு அந்த வகை. காலாட்படையின் மெதுநடைக்கு ஒரு பகுதி, விரைநடைக்கு ஒன்று, குதிரைப்படைக்கு ஒன்று என்று பிரித்திருந்தார்கள். நாம் பெயர் தேடுவது, மார்ச்சின் சாயலில் எழுதப்பட்டாலும் நின்று கேட்பதற்கென்றே பிறந்த இசைக்கு.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘ஹுல்டிகுங்ஸ்மார்ஷ்’ இதற்கு நல்ல சான்று. 1864 மார்ச் மாதத்தில், 18 வயதில் பவேரிய அரியணை ஏறிய இரண்டாம் லுட்விக், கடன்காரர்களுக்குப் பயந்து ஊர் ஊராகத் திரிந்த வாக்னரைத் தேடிப்பிடித்து மியூனிக்குக்கு வரவழைத்தார். ஆகஸ்ட் 25 அந்த மன்னரின் பிறந்தநாள். அதற்குக் காணிக்கையாக வாக்னர் எழுதிய அரசவணக்க இசை இது. எழுதியதோ படைப் பேண்டுக்கு: மரக்குழல்கள், பித்தளை ஊதுகருவிகள், முரசுகள், வயலினுக்கு இடமே இல்லை. ஆனால் தொடக்கத்தைக் கேளுங்கள். மெல்ல, நிதானமாக விரிந்து, பிறகுதான் முழக்கத்துக்கு வருகிறது. அதற்கு எந்தப் படையும் அடியெடுத்து வைக்காது. வயலின்கள் சேர்ந்த வடிவம் பிற்காலத்தது. வாக்னர் தொடங்கிப் பாதியில் விட்டதை இசையமைப்பாளர் யோவாகிம் ராஃப் முடித்தார்.

‘அரங்க’ என்ற அடையும் பொருந்தவில்லை. 1872 மே 22 அன்று ஜெர்மனியின் பைராய்ட் ஊர்க் குன்றில் வாக்னரின் இசைநாடக விழா அரங்குக்கு அடிக்கல் நாட்டியபோது, கொட்டும் மழையில், திறந்தவெளியில் இதை வாசித்தார்கள்.

ஆகவே என் பரிந்துரை ‘கச்சேரி அணிநடை’. திருமணப் பந்தலில் நடந்தாலும் கோயில் பிராகாரத்தில் நடந்தாலும் கச்சேரி கச்சேரிதான். கேட்க வந்தவர்கள் இருந்தால் போதும். வேற்றுமொழிச் சொல் என்று சிலர் மறுக்கலாம். இசை கேட்கப் போகிற எவரும் ‘கச்சேரிக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நான் விடமாட்டேன். ‘கச்சேரி நடை’ என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். திஸ்ர நடை, கண்ட நடை என்று தாளத்தில் ‘நடை’க்கு வேறு பொருள் வேரூன்றியிருக்கிறது.

அகராதிப் பதிவை இப்படி அமைக்கலாம்:

கச்சேரி அணிநடை: அணிவகுத்து நடப்பதற்கன்றி, கேட்பதற்காக இயற்றப்பட்ட மார்ச் வகை இசை, படைப் பேண்டுக்கோ முழு இசைக்குழுவுக்கோ எழுதப்படுவது.

மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.