ஆஃப் ஒயிட் அடித்தால் பச்சையாகத் தெரிகிறது, திங்கட்கிழமைக்குள் முடிவு வேண்டும்

புதுவீடு_பானு
வெள்ளி, இரவு 9.40

வணக்கம். புது வீடு, ஹாலுக்கு ஆஃப் ஒயிட் என்று முடிவு செய்திருக்கிறோம். பளீரென்று வெள்ளையாகவும் வேண்டாம், சந்தன மஞ்சளாகவும் வேண்டாம். உள்ளே வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் ஷேடு அட்டையைப் பார்த்து ஒன்று எடுத்து ஒரு சுவர் முழுக்க அடித்தாச்சு. பாசி பிடித்த தொட்டி மாதிரி இருக்கிறது! அட்டையில் நல்ல கிரீம். பெயிண்டரைக் கேட்டால் கடைக்காரர் தப்பாகக் கலந்துவிட்டார் என்கிறார், கடைக்காரர் பெயிண்டரைச் சொல்கிறார். திங்கள் காலை ஆட்கள் வந்துவிடுவார்கள். நல்ல ஷேடு ஒன்று பெயர் சொல்லுங்கள் ப்ளீஸ். ஆவணியில் கிரகப்பிரவேசம்.

ராயக்கோட்டை_தக்காளி
வெள்ளி, இரவு 9.52

அக்கா, எந்த ஊர்? போட்டோ போடுங்க. பச்சை பகலில் தெரியுதா, லைட் போட்டால் தெரியுதா?

பர்கூர்_கல்
வெள்ளி, இரவு 9.58

வாசல் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம், தரை டைல்ஸா கிரானைட்டா, சுவரில் பட்டி (சமன் செய்யும் பூச்சு) மட்டுமா பிரைமரும் அடித்தார்களா, எத்தனை கோட்? இது தெரியாமல் ஷேடு பெயர் சொல்வது குருட்டாம்போக்கு.

தகடூரான்
வெள்ளி, இரவு 10.15

இதே கேள்வி இங்கே மாதா மாதம் வருகிறது. தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆஃப் ஒயிட் என்று தனியாக ஒரு நிறம் இல்லை. வெள்ளை பேஸில் மஞ்சளோ சிவப்போ கறுப்போ கொஞ்சம் விழுந்தால் எல்லாமே ஆஃப் ஒயிட்தான். உங்களுடையது லைட் பிரச்சினை. வீடு முழுக்க 6500 கெல்வின் டியூப் மாட்டியிருப்பீர்கள், நம் பக்கம் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அதில் நீலம் அதிகம். மஞ்சள் கலந்த சுவர் மேல் அது விழுந்தால் பச்சைதான் அடிக்கும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். பெயிண்டை மாற்ற வேண்டியதே இல்லை.

பாலக்கோடு_சிவில்
வெள்ளி, இரவு 10.31

லைட்டைப் பார்க்கும் முன்னால் சுவரைப் பாருங்கள். பூச்சு எப்போது முடிந்தது? சிமெண்ட் பூச்சு 28 நாளாவது காய வேண்டும், அதற்கு முன்னால் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் நிறம் திட்டுத்திட்டாகத்தான் வரும். அப்புறம் தண்ணீர். தர்மபுரி, பென்னாகரம் பக்கமெல்லாம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்று ஒகேனக்கல்லில் இருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். நம் போர் தண்ணீரில் மற்ற உப்பும் அதிகம். அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டு அதிலேயே சுவரை நனைத்தால் உப்பு பூக்காமல் என்ன செய்யும்?

ராயக்கோட்டை_தக்காளி
வெள்ளி, இரவு 10.36

அண்ணா, உப்பு வெள்ளையாகத்தானே பூக்கும்? இவங்க பச்சை என்கிறார்கள்.

பாலக்கோடு_சிவில்
வெள்ளி, இரவு 10.40

ஈரம் இருந்தால் எதுவும் வரும் தம்பி.

புதுவீடு_பானு
வெள்ளி, இரவு 11.05

காவேரிப்பட்டணம் பக்கம். வடக்குப் பார்த்த வீடு, ஹால் ஜன்னலும் வடக்குதான், பெரிய ஜன்னல். தரை ஐவரி டைல்ஸ். பட்டி, பிரைமர் எல்லாம் பார்த்தாச்சு. பூச்சு மாசியிலேயே முடிந்துவிட்டது, சுவர் நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது. பகலில்தான் பச்சை. இரவில் பரவாயில்லை. பையன் தூங்க மாட்டேன் என்கிறான், போட்டோ நாளைக்குப் போடுகிறேன்.

மாங்கொட்டை
சனி, காலை 6.20

பகலில்தான் என்றால் விஷயம் வெளியே இருக்கிறது. காவேரிப்பட்டணம் என்கிறீர்கள், ஜன்னலுக்கு எதிரே மாந்தோப்பா? எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்கு வெளியே நாலு பெங்களூரா மாமரம். இலை மேல் பட்ட வெயில் உள்ளே வந்து சீலிங்கில் கூடப் பச்சையாக விழும். அந்த அறைக்குக் கொஞ்சம் சிவப்புச் சாயல் உள்ள ஷேடு அடித்த பிறகுதான் சரியானது.

இதம்_இல்லம்
சனி, காலை 7.10

வடக்கு ஜன்னல் என்றாலே நீல வெளிச்சம், குளிர்ந்த வெளிச்சம். எல்லா அலங்காரப் பக்கங்களிலும் இதைத்தான் சொல்கிறார்கள். வடக்கு அறைக்கு நல்ல மஞ்சள் கலந்த ஷேடு எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

வானம்_பார்த்தான்
சனி, காலை 7.45

அந்த விதி குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியது. அவர்களுக்கு வருடம் முழுக்க நண்பகல் சூரியன் தெற்கேயே நிற்கும், வடக்கு ஜன்னலுக்கு நண்பகல் வெயில் வரவே வராது. நாம் இருப்பது ஏறக்குறைய 12.5 டிகிரி வடக்கில். சித்திரை நடுவிலிருந்து ஆடிக் கடைசி வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. இந்த ஆனி மாதத்தில் உதயமும் அஸ்தமனமும் வடக்கே நன்றாகத் தள்ளித்தான். அதனால் இப்போது வடக்குச் சுவரில் காலையும் மாலையும் சாய்வாக வெயில் விழும், மார்கழியில் விழாது. ஒரே ஷேடு இப்போது ஒரு மாதிரி, தை மாதம் வேறு மாதிரி தெரியும். ஷேடு எடுக்கும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

தகடூரான்
சனி, காலை 8.30

சூரியன் எங்கே நின்றால் என்ன? பார்ப்பது லைட் வெளிச்சத்தில். விலை மலிவான பல்பு, நிறத்தைச் சரியாகக் காட்டாத பல்பு. அதை மாற்றாமல் என்ன பேசினாலும் வீண்.

மாங்கொட்டை
சனி, காலை 8.34

இரவில் பரவாயில்லை என்று அவரே எழுதியிருக்கிறார், படித்தீர்களா?

தகடூரான்
சனி, காலை 8.41

பரவாயில்லை என்பதற்கும் நன்றாக இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் பேச முடியாது.

சுண்ணாம்புச்_சட்டி
சனி, காலை 9.05

இந்தத் தொல்லையே வேண்டாம். சுண்ணாம்பு அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, வடிகட்டி, பசை சேர்த்து, மஞ்சள் காவி ஒரு பிடி போட்டால் எந்தக் கம்பெனி அட்டையிலும் இல்லாத வெள்ளை வரும். சுவர் மூச்சு விடும். எமல்ஷன் என்பது பிளாஸ்டிக் தாளை ஒட்டுவது, வேறொன்றுமில்லை.

பாலக்கோடு_சிவில்
சனி, காலை 9.20

அவர்கள் ஏற்கெனவே பட்டி, பிரைமர், எமல்ஷன் எல்லாம் அடித்தாயிற்று. அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, பொரிந்து விழும். வெறும் பூச்சு மேல்தான் பிடிக்கும். சுவரைச் சுரண்டச் சொல்கிறீர்களா?

சுண்ணாம்புச்_சட்டி
சனி, காலை 9.26

சுரண்டலாமே. அப்போதாவது புத்தி வரும்.

ராயக்கோட்டை_தக்காளி
சனி, காலை 9.31

எங்கள் பாட்டி வீடு சுண்ணாம்புதான். திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகெல்லாம் வெள்ளை. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அந்தச் சுவர்ப் பக்கமே யாரும் போகமாட்டோம்.

சுண்ணாம்புச்_சட்டி
சனி, காலை 9.38

பசை போடாமல் அடித்திருப்பார்கள். அடித்தவரைக் குறை சொல்லுங்கள், சுண்ணாம்பைச் சொல்லாதீர்கள்.

தகடூரான்
சனி, காலை 9.50

சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிய அதில் நீலம் போடுவார்கள். காவி போட்டால் அழுக்கு மஞ்சள்தான் வரும். அடிப்படையே தெரியாமல் அடுத்தவருக்கு யோசனை.

சுண்ணாம்புச்_சட்டி
சனி, காலை 9.53

கேட்டது இதமான வெள்ளை, ஐயா. நீலம் போட்டால் இதமா வரும்? நீங்கள் பல்பு மாட்டப் போங்கள்.

(இதற்குப் பிறகு இருவரும் எழுதிய சிலவற்றை நீக்கியிருக்கிறோம். கேள்விக்கு வாருங்கள். – நிர்வாகி)

புதுவீடு_பானு
சனி, காலை 11.20

போட்டோ போட்டிருக்கிறேன். சுவர், ஜன்னல் இரண்டும் தெரியும். எதிரே தோப்பு இல்லை, ரோடுதான். போட்டோவில் பச்சை அவ்வளவாகத் தெரியவில்லை, நேரில் நன்றாகத் தெரிகிறது.

இதம்_இல்லம்
சனி, காலை 11.28

போட்டோவில் அழகாகத்தான் இருக்கிறது. ஷேடு கோடு, அந்த நம்பர் என்ன?

பர்கூர்_கல்
சனி, காலை 11.40

போன் கேமரா வெள்ளையைத் தானே சரிசெய்துகொள்ளும். போட்டோவைப் பார்த்து நிறம் சொல்லவே முடியாது. ஆனால் வேறு ஒன்று தெரிகிறது. ஜன்னலின் மேல் மூலையில், கிரில்லுக்கு வெளியே பச்சையாகத் தொங்குகிறதே, அது என்ன?

புதுவீடு_பானு
சனி, காலை 11.44

அது நெட். நர்சரிக்குக் கட்டுவார்களே, அந்தப் பச்சை வலை. முன்னால் ஷீட் போடும் வரைக்கும் வெயில் படாமல் இருக்க மாமா போர்டிகோவிலிருந்து ஜன்னல் வரைக்கும் கட்டியிருக்கிறார். அதற்கும் பெயிண்டுக்கும் என்ன?

மாங்கொட்டை
சனி, காலை 11.46

அடடா.

பர்கூர்_கல்
சனி, மதியம் 12.10

ஹாலுக்குள் வருகிற பகல் வெளிச்சம் மொத்தமும் அந்த வலை வழியாகத்தான் வருகிறது, பானு. உள்ளேயே இருந்தால் கண் அதற்குப் பழகிவிடும், வெளிச்சம் பச்சை என்றே தெரியாது. சுவரை உற்றுப் பார்க்கும்போதுதான் உறுத்தும்.

ஒன்று செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளை அந்தச் சுவரில் ஒட்டுங்கள், பிரிண்டர் தாள் போதும். தாளும் பச்சை அடித்தால் குற்றவாளி வெளிச்சம். தாள் வெள்ளையாக இருந்து சுவர் மட்டும் பச்சை என்றால் பெயிண்ட். பிறகு வலையை ஒரு அரைமணி நேரம் அவிழ்த்துவிட்டு அதே இடத்தில் நின்று பாருங்கள்.

பெயிண்டிலும் கொஞ்சம் இருக்கலாம். மஞ்சள் ஆக்ஸைடோடு கறுப்பு கலந்தால் பச்சைச் சாயல் வரும். கிரீமைக் கொஞ்சம் அடக்கிக் காட்ட நிறைய ஷேடுகளில் கறுப்பு சேர்ப்பார்கள். கடையில் கலக்கும் மெஷின் திரையில் எந்த ஸ்டெயினர் (நிறச் சாயம்) எவ்வளவு என்று வரும், கேட்டால் சொல்வார்கள். கறுப்பு இல்லாமல் மஞ்சளும் துளி சிவப்பு ஆக்ஸைடும் விழுகிற ஷேடாகப் பாருங்கள். ஆனால் ஐவரி டைல்ஸ் என்கிறீர்கள், அதில் சிலது ரோஸ் சாயல், சிலது மஞ்சள். ரோஸ் டைல்ஸ் என்றால் சிவப்பைக் கூட்டாதீர்கள், சுவர் தோல் நிறத்துக்குப் போய்விடும். உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைக் கடைக்கே எடுத்துப் போவது நல்லது.

ரோலர்_அண்ணன்
சனி, மதியம் 1.30

நான் பெயிண்டிங் வேலைதான் செய்கிறேன். கல் அண்ணன் சொன்னது சரி. கூட ஒன்று சொல்கிறேன். அட்டையில் இருக்கிற சின்னச் சதுரத்தைப் பார்த்து ஹாலுக்கு எடுக்கக் கூடாது தங்கச்சி. நாலு சுவரிலும் ஒரே நிறம் வந்தால் ஒன்று மேல் ஒன்று பட்டு நிறம் ஏறித் தெரியும். அட்டையில் கிரீம் என்றால் சுவரில் மஞ்சள். அதனால் மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிர்த்து எடுங்கள்.

இரண்டு மூன்று ஷேடில் சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் அடியுங்கள். அட்டைக்கு முதலில் பிரைமர், அப்புறம் ரெண்டு கோட். சுற்றிலும் ஒரு விரல் அகலம் வெள்ளையாக விடுங்கள், அந்தப் பழைய பச்சைச் சுவர் கண்ணைக் குழப்பாது. காய்ந்த பிறகு பாருங்கள், எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு சாயல் கூடும். அட்டையை ஜன்னல் பக்கத்துச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் ஸ்கர்ட்டிங்கை (சுவரடியில் ஒட்டிய டைல்ஸ் பட்டையை) ஒட்டி வையுங்கள். காலை, மதியம், டியூப் போட்ட பிறகு என்று மூன்று நேரமும் பார்க்க வேண்டும்.

பெரிய ஜன்னல் என்கிறீர்கள். பக்கவாட்டு வெளிச்சம் விழுகிற சுவரில் பட்டி மேடுபள்ளம் அத்தனையும் பல்லிளிக்கும், அதற்கு மேட் நல்லது, பளபளப்பு வேண்டாம். குழந்தை கை வைக்கிற உயரம் என்று யோசித்தால் கழுவக்கூடிய மேட் கேளுங்கள். ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120லிருந்து 150 சதுர அடி வரும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கலக்கச் சொல்லுங்கள். ரெண்டு பக்கெட் என்றால் ஒன்றாக ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், நடுச்சுவரில் பக்கெட் மாறினால் கோடு தெரியும்.

அடித்து வைத்திருக்கிற சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதன் மேலேயே அடிக்கலாம். மீதிப் பெயிண்ட் ஸ்டோர் ரூமுக்கு ஆகும்.

தகடூரான்
சனி, மதியம் 2.05

வலையாக இருந்தாலும் அதுவும் லைட் பிரச்சினைதான். நான் ஆரம்பத்திலேயே லைட் என்று சொன்னேன்.

ராயக்கோட்டை_தக்காளி
சனி, மதியம் 2.07

😀😀

பாலக்கோடு_சிவில்
சனி, மதியம் 2.30

எதற்கும் ஈரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வானம்_பார்த்தான்
சனி, மாலை 5.15

ஷேடு புத்தகத்தில் எல்ஆர்வி என்று ஒரு எண் இருந்தால் அதையும் பாருங்கள், நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. வலை இருந்தால் வெளிச்சமும் குறையும், அதனால் 80க்கு மேல் இருப்பது நல்லது. முன்னால் ஷீட் வரப்போகிறது என்றார்களே, அது என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. பச்சை ஃபைபர் ஷீட் போட்டால் திரும்ப இதே கதைதான்.

புதுவீடு_பானு
ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. தாளும் பச்சையாகத்தான் இருந்தது. வலையை அவிழ்த்தால் சுவர் கிரீம், ஆனாலும் எனக்குக் கொஞ்சம் சாம்பல் அடிக்கிற மாதிரி இருந்தது, மெஷினில் கேட்டோம், கறுப்பு இருக்கிறது என்றார்கள். மூன்று அட்டை அடித்துப் பார்த்து நடு ஷேடு எடுத்தாச்சு. மாமா மட்டும் வெயில் அடிக்கிறது என்று வலையைத் திரும்பக் கட்டிவிட்டார். ஷீட் பற்றிப் பேச்சு நடக்கிறது.

இதம்_இல்லம்
ஞாயிறு, இரவு 8.58

அந்த நடு ஷேடு கோடு சொல்லுங்களேன், எனக்கும் வடக்கு ஹால்தான்.

ரோலர்_அண்ணன்
ஞாயிறு, இரவு 9.20

வலை கட்டாயம் வேண்டும் என்றால் வெள்ளையில் வாங்கச் சொல்லுங்க தங்கச்சி, கிடைக்கும்.

மாங்கொட்டை
ஞாயிறு, இரவு 9.41

வெள்ளையில் 50 சதம் நிழல் தருவதை வாங்குவதா 75 சதமா? எங்கள் நாற்றுக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது.

இதம்_இல்லம்
புதன், காலை 10.12

பானு, கோடு?