டிரான்ஸ்பர் கேஸ் சத்தமா, சீல் ஒழுகலா? டெல்டா ஜீப்காரங்க அனுபவப் பகிர்வு

மன்னார்குடி:
ஊளைச் சத்தம் வந்ததும் டிரான்ஸ்பர் கேஸை (கியர் பாக்ஸ்லேருந்து வர்ற சக்தியை முன், பின் சக்கரத்துக்குப் பிரிக்கிற பெட்டி) இறக்கிடாதீங்க. சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, டிரான்ஸ்பர் லிவரை நியூட்ரல்ல தள்ளி, கியரைப் போட்டுக் கிளட்சை விடுங்க. சத்தம் அப்பவும் இருந்தா கோளாறு கியர் பாக்ஸ்லயோ, கேஸுக்குள்ள இன்புட், நடு கியர்லயோதான். ஓடும்போது மட்டும் வந்தா அவுட்புட் பேரிங்கைப் பாருங்க. 'டொக்'குனு அடிச்சா முதல்ல புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸை (மூட்டு) கையால ஆட்டிப் பாருங்க. நிறைய கேஸ் வீணாப் பிரிபடறது இதைப் பாக்காததாலதான்.

திருத்துறைப்பூண்டி:
நம்ம பக்கம் கேஸைக் கெடுக்கறது பாரத்தைவிடத் தண்ணிதான், அண்ணே. ரோட்டுல ஓடிச் சூடான கேஸ் வாய்க்கால்ல இறங்கினதும் உள்ளே காத்து சுருங்கும். பிரீதர்ல (கேஸுக்குக் காத்து போய்வர்ற துளை) களி அடைச்சிருந்தா சீல் உதடு வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். ராத்திரி முழுக்க நிக்கவிட்டு, காலையில டிரெயின் பிளக்கைக் கொஞ்சமா தளர்த்துங்க. தண்ணி அடியில தங்கும். முதல் சொட்டே காட்டிக் கொடுத்துடும். ஓட்டின சூட்டோட திறந்தா பால் ஊத்தின டீ மாதிரி வரும்.

ஆனா அதுக்கு முன்ன ஆயில் ஊத்தற ஃபில்லர் பிளக் கழலுதான்னு பாருங்க. அது துருவேறி நின்னா, வடிச்சப்புறம் ஆயில் ஊத்த வழி இல்ல.

புது ஆயில் ஊத்தி நாலஞ்சு கிலோமீட்டர் மெதுவா ஓட்டி வடிங்க. கலங்கல் போகிற வரைக்கும் இதேதான். பிரீதருக்கு ரப்பர் டியூப் மாட்டி பானட்டுக்குள்ள மேலே ஏத்திடுங்க. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

கும்பகோணம்:
வில்லிஸ் (பழைய அமெரிக்க ஜீப்) வழி வந்த பழைய ஜீப்னா நடு கியர் ஷாஃப்ட்டைக் கழட்டித் துடைச்சு, நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டினா ஷாஃப்ட், நீடில் ரோலர், ரெண்டு பக்கத் திரஸ்ட் வாஷர் எல்லாம் ஒண்ணா மாத்தணும். ரோலரை மட்டும் மாத்தறது காசுக்குக் கேடு. ஷாஃப்ட் முக்கால், ஒண்ணே அரைக்கால், ஒண்ணேகால் அங்குலம்னு மூணு அளவுல இருக்கு. பழசைக் கையோட கொண்டுபோங்க. கேஸ்ல ஷாஃப்ட் துளையே முட்டை வடிவமாத் தேஞ்சிருந்தா எந்த ஓ ரிங்கும் நிக்காது. லேத்ல புஷ் போட்டாத்தான் ஒழுகல் நிக்கும். பின் அவுட்புட் ஷாஃப்ட் முன்பின் ஆட்டம் 0.004 முதல் 0.008 அங்குலம் இருக்கணும், ஷிம் (மெல்லிய தகடு) வெச்சு டயல் கேஜ்ல பாருங்க.

சீர்காழி:
ஃபோர் லோ (நாலு சக்கரமும் இழுக்கிற லோ கியர்) தானா கழலுதுன்னா லிவர் பூட்டைத் தூக்கிட்டுப் பாருங்க, லிவர் ஃப்ளோர் தகட்டுல முட்டுதான்னு. அடுத்து மவுண்ட் ரப்பர், கியரை இடத்துல பிடிச்சு வைக்கிற டீடென்ட் ஸ்பிரிங். அதுவும் சரியா இருந்தா ஃபோர்க், கியர் பல்லு முனை. மழுங்கின பல்லுக்கு வெல்டிங் வெச்சுத் தேச்சுத் தர்றேன்னு சொல்ற பட்டறை பக்கம் போகாதீங்க. கடினப்படுத்தின மேல்தோல் போயிடும், பாரத்துல உடையும்.

மன்னார்குடி:
இன்னொண்ணு. வயல்லேருந்து தார் ரோட்டுக்கு ஏறினதும் டூ வீல் டிரைவுக்கு மாத்திடுங்க. வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் போற தூரம் வேற. ரோட்டுல வழுக்க இடமில்லாம முறுக்கு முழுக்கக் கேஸ்ல ஏறும். பின் டயர் மட்டும் புதுசானாலும் இதே கதைதான். லிவர் இறுகி நின்னா இழுத்து முறிக்காதீங்க, நேரா நாலடி ரிவர்ஸ் எடுத்தா தளரும்.