மறு: நெஞ்சுப்பட்டைக்கும் கைக்கடிகாரத்துக்கும் ஒரே பெயரா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஹார்ட் ரேட் மானிட்டருக்கு (துடிப்பை எண்ணிக் காட்டும் நெஞ்சுப்பட்டை, கைக்கடிகாரம் வகையறா) தமிழில் என்ன பெயர் என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுத உட்கார முடியவில்லை. அதற்குள் பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்துவிட்டன, மீட்டருக்கு மானியா அளவியா என்ற சண்டையும் வந்துவிட்டது (அது இந்தக் குழுவின் வருடாந்திரத் திருவிழா, தேர் நகர்ந்தால்தான் அடுத்த வேலை). ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எதை அளக்கிறோம்?

> ஹார்ட் ரேட் மானிட்டருக்கு இதயத்துடிப்புமானி என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே, இதில் மூன்று நாள் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. முதலில், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பைத்தான் பலர் இதயத்துடிப்புமானி என்று எழுதுகிறார்கள். 1816-இல் பாரிசில் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில் தொடங்கியது அது. எதையும் அளக்காது, சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். அதற்கு மானி என்று பெயர் வைத்ததே தப்பு என்பேன். ஆனாலும் தப்பு வேர்விட்டுவிட்டது, அதைப் பிடுங்குவது நம் வேலையில்லை.

இரண்டாவது காரணம்தான் பெரியது. அதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சிக்கு என்று ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கோவை ரேஸ்கோர்ஸில் காலை மெல்லோட்டம், கூட வரும் நண்பரிடம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த கதையை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே ஓடுகிறேன், கையைத் திருப்பிப் பார்த்தால் துடிப்பு 171. எனக்கு வயது 52. 220-இல் வயதைக் கழி என்ற பழைய கணக்குப்படி என் உச்சத் துடிப்பே 168-தான். 2001-இல் வந்த இன்னொரு சூத்திரம் இருக்கிறது, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது. அதைப் போட்டாலும் 172-ஐ ஒட்டித்தான் வருகிறது. (இரண்டுமே சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடக்குறைய இருக்கும்.) அதாவது கடிகாரத்தை நம்பினால், நான் கல்யாணக் கதை பேசிக்கொண்டே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். நின்றேன், கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன்: 32. நான்கால் பெருக்கினால் 128. பேசிக்கொண்டே ஓடுகிற ஆளுக்குச் சரியான எண்.

அப்போ அந்த 171 யாருடையது? அடுத்த சுற்றில் காலடியை எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 170 சொச்சம் அடி வைக்கிறேன். கடிகாரம் என் காலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது!

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பெயரும் தானாக வரும். கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மினுங்குமே, அந்தப் பச்சையை ரத்தம் நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டின் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் பெருகி வடிகிறது; பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, வடியும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுவதுதான் கருவியின் வேலை. ஆனால் கையை வீசி ஓடும்போதும் அதே ரத்தம் அங்கே அலம்புகிறது, வார் தளர்ந்திருந்தால் கடிகாரமே ஆடுகிறது, இரண்டு தாளத்தில் எது பலமாகக் கேட்கிறதோ அதைக் கருவி பிடித்துக்கொள்கிறது. குளிரில் தோலுக்கு ரத்தம் குறைந்தாலும் தடுமாறும், கனமான கம்பியை இறுக்கிப் பிடித்துத் தூக்கினாலும் தடுமாறும், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் அதன் மை ஒளியை மறைத்துவிடும்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ஃபோட்டோபிளெத்திஸ்மோகிராஃபி என்று பெயர், 1930களிலிருந்து வழங்குகிறது. நடுவில் உள்ள பிளெத்திஸ்மோ கிரேக்கம், பெருகுதல் என்று பொருள். ஒளி, பெருக்கம், வரைவு. கவனியுங்கள், அந்தப் பெயரில் இதயமே இல்லை. வைத்தவர்களுக்குத் தாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருக்கிறது.

நெஞ்சில் கட்டும் பட்டையின் சங்கதி வேறு. இதயம் சுருங்குவதற்கு முன் அதில் ஒரு மின் அலை ஓடும். நெஞ்சுத் தோலின் மேல் அது சுமார் ஒரு மில்லிவோல்ட். பட்டையின் இரண்டு மின்முனைகள் அதைப் பிடிக்கின்றன. ஈ.சி.ஜி. தாளில் ஊசி போல நிமிர்ந்து நிற்குமே ஆர் முனை, ஒரு ஆர் முனைக்கும் அடுத்த ஆர் முனைக்கும் இடையே எத்தனை மில்லிவிநாடி என்று பட்டை பார்க்கிறது. 800 என்றால் துடிப்பு நிமிடத்துக்கு 75, 400 என்றால் 150. கணக்கு அவ்வளவுதான். பின்லாந்தில் கெம்பெலே என்ற ஊரில் 1977-இல் தொடங்கிய போலார் நிறுவனம் 1982-இலேயே கம்பியில்லாத பட்டையை விளையாட்டு வீரர்களுக்கு விற்றது. பச்சை விளக்குக் கடிகாரங்கள் பரவலானது அதற்கு 30 வருடத்துக்குப் பிறகு. ஆக, ஒன்று இதயத்தின் மின்சாரத்தை எண்ணுகிறது, மற்றது மணிக்கட்டில் வந்து சேரும் ரத்தத்தை எண்ணுகிறது. முன்னது இதயத்துடிப்பு. பின்னது நாடித்துடிப்பு. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தயாராக இருக்கும்போது எதற்கு ஒரே சட்டையை இரண்டுக்கும் மாட்ட வேண்டும்?

> நாடியும் இதயத்துடிப்பும் ஒரே எண்தானே, சும்மா நூல் பிரிக்கிறீர்கள்.

பெரும்பாலும் ஒரே எண்தான், எப்போதும் இல்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு இருப்பவர்களுக்குச் சில துடிப்புகள் அரைகுறையாக முடிந்துவிடும், அந்த ரத்தம் மணிக்கட்டுவரை அலையாக வந்து சேராது. அதனால்தான் மருத்துவமனையில் ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தும் இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தும் ஒரே நிமிடத்தில் எண்ணிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. அங்கே 110, இங்கே 92 என்றால் வித்தியாசம் 18. ஆங்கிலத்தில் இதற்குப் பல்ஸ் டெஃபிசிட் என்று பெயர். நாடிக்குறை என்று நாம் சொல்லலாம். ஆனால் இரண்டு துடிப்புக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது!

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட விரல் கிளிப் ஆக்சிமீட்டரை எடுத்துப் பாருங்கள். ஆக்சிஜன் எண்ணுக்குப் பக்கத்தில் துடிப்புக்குப் பெரும்பாலும் பி.ஆர். என்று போட்டிருக்கும், பல்ஸ் ரேட். ஐ.சி.யூ. திரையில் ஈ.சி.ஜி. கம்பியிலிருந்து வரும் எண் ஹெச்.ஆர். (ஹார்ட் ரேட்), விரல் கிளிப்பிலிருந்து வருவது பி.ஆர். செய்கிறவர்கள் பிரித்துத்தான் எழுதுகிறார்கள். கடிகார விளம்பரம்தான் எல்லாவற்றையும் ஹார்ட் என்று ஒரே கூடையில் போடுகிறது, இதயம் என்றால் நன்றாக விற்கும் போல.

சரி, அப்புறம் இழையில் சிலர் சொன்ன நாடிமானி என்ற பெயர் மேல் வந்த ஆட்சேபணைகள்.

> எங்கட பாடப்புத்தகங்களில நாடி எண்டால் நீங்கள் தமனி எண்டு சொல்லுறது. நாடிமானி எண்டால் இங்க பிள்ளைகள் ரத்தக்குழாயை அளக்கிற கருவி எண்டுதான் நினைக்கும்.

இலங்கை அக்கா சொல்வது முழுக்கச் சரி. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயும் திரும்பக் கொண்டுவரும் குழாயும் இலங்கையில் நாடி, நாளம். தமிழ்நாட்டில் தமனி, சிரை. இது பல பேருக்கு இங்கே தெரியாது. திருநெல்வேலி நண்பர் வேறு, தங்கள் பக்கம் நாடி என்றால் மோவாய், "நாடியில் கையை வைத்துக்கொண்டு உட்காராதே" என்று ஆச்சி திட்டுவார் என்று எழுதியிருந்தார். எனக்கோ நாடிமானி என்றவுடன் வைத்தீஸ்வரன் கோயில் ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வந்தது, கட்டைவிரல் ரேகை கேட்பார்கள் என்று பயம். அதனால் நாடிமானி வேண்டாம். ஆனால் நாடித்துடிப்பு என்று முழுதாகச் சொன்னால் யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் கோவையிலும் ஒரே பொருள்தான், அக்காவும் அதை ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். மோவாய் எங்கே துடிக்கப்போகிறது.

மானிட்டர் என்பதைக் கண்காணிப்பி, கண்காணி என்று மாற்றிய யோசனைகளைப் பற்றி. ஒருமுறை அளந்துவிட்டுச் சும்மா இருக்கிற வெப்பமானி போல இல்லை, தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது என்ற வாதம் புரிகிறது. ஆனால் இதயக்கண்காணி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தோட்டக் கூலிகளை மேய்த்த கங்காணி வந்து நிற்பார். இலங்கை மலையகத்திலும் மலேயா தோட்டங்களிலும் வேலை செய்த குடும்பங்களுக்கு அந்தச் சொல்லின் கசப்பு தெரியும். காலையில் ஆசையாக ஓடப் போகிறவரின் நெஞ்சில் கங்காணியை ஏன் கட்ட வேண்டும்? தொடர்ந்து பார்ப்பதைப் பெயருக்குள் திணிக்கத் தேவையில்லை. மின்சார மீட்டரும் ராத்திரி பகலாக ஓடுகிறது, மீட்டர் என்றுதான் சொல்கிறோம்.

எனவே என் பக்கம் இது. பொதுப்பெயர் துடிப்பளவி. துடிப்பு, அளவி, இரண்டும் தானாக ஒட்டுகின்றன, நாக்கில் இடறவில்லை, ஸ்டெதாஸ்கோப்போடும் மோதவில்லை. மானி அணியினர் கோபிக்க வேண்டாம், வெப்பமானியை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை. நெஞ்சுப்பட்டை இதயத்துடிப்பளவி; மணிக்கட்டிலும் விரலிலும் மேற்கையிலும் ஒளி அடித்துப் பார்ப்பவை எல்லாம் நாடித்துடிப்பளவி. உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவியை ஆங்கிலத்தில் வேரபிள் என்பார்கள், அதற்கு அணிகருவி என்று ஒருவர் எழுதியிருந்தார், ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாமல் அழகாக நிற்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மார்புக்கச்சை என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் வேறு பிரிவுக்கு அனுப்புவார்கள்.

ஒரு முடிச்சு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஆப்பிள் கடிகாரத்தில் ஈ.சி.ஜி. வந்தது, இப்போது வேறு சிலவற்றிலும் உண்டு. மற்ற கையின் விரலை அதன் திருகின் மேல் 30 விநாடி வைத்தால் இதயத்தின் மின் அலையையே எடுக்கும். விரலை எடுத்ததும் மறுபடி பச்சை விளக்கு. ஒரே கடிகாரம், அரை நிமிடம் இதயத்துடிப்பளவி, மீதி நாள் நாடித்துடிப்பளவி. இதனால் என் பிரிப்பு உடைகிறது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன்: பெயரைக் கடிகாரத்துக்கு வைக்காமல் உள்ளே இருக்கும் உணரிக்கு (சென்சார்) வைத்தால் உடையாது.

இழையைத் தொடங்கிய தம்பி கேட்டதே வேறு, எதை வாங்குவது என்று. அவரை எல்லோரும் மறந்துவிட்டோம். தம்பி, நடைக்கும் சீரான ஓட்டத்துக்கும் மணிக்கட்டே போதும், எலும்பு முட்டிலிருந்து ஒரு விரல் மேலே தள்ளி, நகராதபடி கட்டுங்கள். ஒரு நிமிடம் முழு வேகம் ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி ஓடுவீர்கள் என்றாலும், எடை தூக்குவீர்கள் என்றாலும் நெஞ்சுப்பட்டைதான். மணிக்கட்டு எண் பின்னால் வந்து சேரும், நீங்கள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஓட்டத்தின் எண் தெரியும். பட்டை கசகசவென்று இருக்கிறது என்பவர்களுக்கு மேற்கையில் கட்டுவது நடுவழி, அங்கே ஆட்டம் குறைவு. நீச்சலுக்கு வாங்குவதானால் கேட்டு வாங்குங்கள், புளூடூத் தண்ணீரைத் தாண்டாது, பழைய பட்டைகள் அனுப்பும் 5 கிலோஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தாண்டும், சிலவற்றில் பட்டையே பதிவு செய்து வைத்துக்கொண்டு கரையேறிய பிறகு கொடுக்கும். பட்டையின் மின்முனைகளை நனைத்துவிட்டுக் கட்டுங்கள், வியர்வை வரும்வரை காய்ந்த தோலில் கன்னாபின்னாவென்று காட்டும். ஓடி முடித்ததும் தண்ணீரில் அலசிவிட வேண்டும், உப்பு தின்றுவிடும். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற மிதமான பயிற்சி என்பது உச்சத்தில் 64 முதல் 76 சதவீதம். எனக்கு அது 108 முதல் 128 வரை. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சொல் கடன் கேட்கிறேன். கடிகாரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொள்வதை ஆங்கிலத்தில் கேடன்ஸ் லாக் என்கிறார்கள். அடிப்பூட்டு என்று முதலில் எழுதினேன், ஏதோ கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கிறது. காலடிப்பிடிப்பு என்றால் சுளுக்கு என்று நினைப்பார்கள். வீட்டில் கேட்டேன், "காலை எண்ணுதுன்னு சொன்னா போதாதா?" என்றாள். கால்எண்ணல்? பார்த்துச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்ற வேண்டும்.