காத்திருந்தால் விலை குறையும் என்று நம்பியவனின் அனுபவம்

கணினிப் பாகங்களின் விலை நாளடைவில் குறைந்துகொண்டே போகும், ஆகவே அவசரப்படாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்ற எண்ணம் எனக்கு வெகுகாலம் இருந்தது. அது முதலில் அடிபட்டது 2011-ஆம் ஆண்டின் இறுதியில். இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்க நினைத்து, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த மாதம் அதே மாடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில் நின்றது. விற்பனையாளர் பதுக்குகிறார் என்றே முதலில் சந்தேகப்பட்டேன். அந்த அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில், ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலை மூழ்கிய செய்தியைப் படித்த பிறகே காரணம் விளங்கியது. அதே தொழிலில் உள்ள சீகேட்டின் ஆலைகளுக்குள் தண்ணீர் புகவில்லை என்றாலும், ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டைச் சுழற்றும் மோட்டாரைச் செய்து தந்த நிடெக் நிறுவனத்தின் ஆலைகள் பாதிக்கப்பட்டதால் சீகேட்டும் திணறியது. சில வாரங்களில் ஏறிய விலை, பழைய நிலைக்கு இறங்க ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது; வெள்ளம் வடிந்த வேகத்தில் விலை வடியவில்லை.

வெள்ளமாவது கண்ணுக்குத் தெரிந்த காரணம். ரேம் விஷயத்தில் நான் ஏமாந்தபோது அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. 2016-இன் நடுவில் எட்டு ஜிபி ரேம் ஒன்றை மலிவாக வாங்கி, இன்னொன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 2017-இன் கடைசியில் தேடியபோது, அந்த ஒன்றின் விலைக்கு முன்பு இரண்டு வாங்கியிருக்கலாம். எரிச்சலில் காரணத்தைத் தேடிப் போனபோதுதான் இந்தத் தொழிலின் சுழற்சி ஓரளவு புரிந்தது.

ரேமில் இருக்கும் டிரேம் எனும் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே தயாரிக்கின்றன. விலை சரிந்திருக்கும்போது இவை விரிவாக்கத்தை ஒத்திப்போடுகின்றன. பிறகு கைபேசிகளும் சேவையகங்களும் திடீரெனக் கூடுதல் நினைவகம் கேட்கும்போது, புதிய ஆலை எழும்பிச் சில்லு வெளிவர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை விலைதான் ஏறுகிறது. அந்த லாபத்தைக் கண்டு மூவரும் ஒருசேர முதலீடு செய்தால், சில ஆண்டுகள் கழித்துச் சரக்கு தேங்குகிறது. ஆலையின் செலவில் பெரும்பகுதி கட்டடத்திலும் இயந்திரங்களிலும் முன்பே முடங்கிவிடுவதால், நிறுத்தி வைப்பதைவிட நட்டத்துக்காவது விற்பது மேல் என்ற நிலை வருகிறது. 2019-இல் ரேமும், 2023-இல் ரேமோடு, சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் மலிந்ததற்கு இதுவே காரணம். அந்த 2023-இல் மூன்று நிறுவனங்களும் நினைவகத்தில் நட்டப்பட்டு உற்பத்தியைக் குறைத்தன. நான் எஸ்எஸ்டியை மகிழ்ச்சியோடு வாங்கினேன். (எல்லாமே இயல்பான சுழற்சி என்றும் சொல்லிவிட முடியாது. 1999 முதல் 2002 வரை கூடிப் பேசி விலை நிர்ணயித்ததை ஒப்புக்கொண்டு, அமெரிக்காவில் சாம்சங் 30 கோடி டாலர் அபராதம் கட்டியிருக்கிறது.)

கிராபிக்ஸ் கார்டு கதை பலருக்கும் தெரிந்ததே. 2021-இல், இந்தக் கார்டுகளைக் கணக்குப் போட வைத்துக் கிரிப்டோ நாணயம் தோண்டுவோரால் கைக்கெட்டாமல் போனவை, 2022 செப்டம்பரில் எத்தீரியம் எனும் கிரிப்டோ நாணயம் அந்தத் தோண்டும் முறையைக் கைவிட்டதும் பழைய பொருளாகச் சந்தையில் குவிந்தன. நான் வாங்கிய ஒன்றின் விசிறி மூன்றே மாதத்தில் நின்றது.

என்னை மிகவும் வியக்கவைத்தது 2025-ஆம் ஆண்டு. என் கணினி ஏற்பது டிடிஆர்4 எனும் பழைய தலைமுறை ரேமை. அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 பரவலாகிவிட்டதால் பழையது மலிவாகவே கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். தயாரிப்பாளர்களோ டிடிஆர்4-ஐக் குறைத்து, டிடிஆர்5-க்கும் செயற்கை நுண்ணறிவுச் சேவையகங்களுக்கான எச்பிஎம் எனும் அதிவேக நினைவகத்துக்கும் ஆலைகளைத் திருப்பியிருந்தார்கள். அதே கொள்ளளவுக்கு எச்பிஎம் அதிகச் சிலிக்கான் பரப்பை விழுங்குவதால் மற்ற வகைகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. ஆண்டின் நடுவில் டிடிஆர்4 சில்லு டிடிஆர்5-ஐவிட விலை கூடி விற்றது. பழுதாகிக் கிடந்த இன்னொரு கணினியிலிருந்து கழற்றிய ரேமைத்தான் கடைசியில் பொருத்திக்கொண்டேன். அதன் வேகம் குறைவு என்பதால் பழைய ரேமும் அதே வேகத்துக்கு இறங்கி ஓடுகிறது.